கொதி வராமல் இறக்கிய திராட்சரசம்

ஜோயல் கண்ணா,

நீ போனில் சொன்னதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "வராட்டிப் போடா, ஒன்னைய நம்பியா ஆண்டவர் உக்காந்திருக்காரு" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். சரியான பதில் இந்த ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. அதுவும் நானாகத் தேடிக் கண்டுபிடித்ததில்லை, என் புதுச் சேலை முழுக்கத் தெறித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்து "சரிம்மா" சொல்லுவாய், அதற்குள் உன் ஆபீஸ் கால் வந்துவிடும். அதனால்தான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல யாரு கடுதாசி எழுதுறா?" என்று சிரிக்கிறார். சிரித்துவிட்டுப் போகட்டும். நீ மட்டும் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு.

முதலில் நீ சொன்னதை எழுதுகிறேன், சரியாகத்தான் கேட்டுக்கொண்டேனா என்று பார். அடுத்த மாதம் உனக்கும் நிஷாவுக்கும் கல்யாணம். கல்யாணத்துக்கு முந்தைய திருவிருந்து ஞாயிறு அன்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து போய் முழங்கால் போட்டு அப்பமும் ரசமும் வாங்குவது நம் சபையில் எல்லாரும் செய்கிற காரியம். அதைச் சொல்லத்தான் புதன்கிழமை உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய்? "எல்லாரும் எந்திரிச்சுப் போறப்ப நானும் இத்தன நாளு போயிட்டுத்தாம்மா இருந்தேன். ஆனா மனசு பூரா ஆபீஸ்லதான் கெடக்கு. பாட்டு ஓடுது, பிரசங்கம் ஓடுது, எனக்கு ஒண்ணுமே தோணல. ரெடியில்லாம அங்கன போயி மண்டி போட்டா அது பொய்யில்லையா? அன்னைக்கு நான் பெஞ்சுலயே உக்காந்துக்கிறேன். நிஷாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாய். என் மகன் தன் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு, ரெண்டு குடும்பமும் எழுந்து போக, தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஊர் என்ன பேசும் என்றுதான் உன்னிடம் கத்தினேன். உண்மையில் பயம் அதுவல்ல. இன்றைக்குத் திருவிருந்து மேஜைக்கு வரமாட்டேன் என்கிறவன் நாளைக்கு வாசலுக்கே வரமாட்டானோ, என் பிள்ளை ஆண்டவரை விட்டே நழுவிப் போய்விடுவானோ என்பதுதான் பயம். அதைச் சொல்லத் தெரியாமல் ஊரைச் சொன்னேன்.

நாம் பேசிய நேரத்தில் அடுப்பில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது. நம் கோயில் திருவிருந்துக்கு ரசம் நம் வீட்டிலிருந்துதான் போகிறது, அது உனக்குத் தெரிந்ததுதான். அப்பாவின் பழக்கடைக்கு வரும் பன்னீர்த் திராட்சையில் நல்ல கொத்தாகப் பார்த்து எடுத்து, கழுவி, துணியில் பரப்பி உலரவிட்டு, சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டிப் பாட்டிலில் அடைப்பேன். புளித்த ரசம் நம் சபையில் ஆகாது, அதனால் நன்றாகக் கொதி வரவேண்டும். புதன்கிழமை ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். உன்னோடு மல்லுக்கு நின்றுவிட்டு, வந்த கோபத்தில் பாத்திரத்தை இறக்கி, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்கித் திருகி மேல்தட்டில் வைத்துவிட்டேன். கொதி வந்ததா என்று பார்க்கவே இல்லை. எப்போதும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன், அன்றைக்கு அதுவும் இல்லை. நாக்குக்கு அன்று வேறு வேலை இருந்தது.

நீ "ரெடி" என்றதும் எனக்கு நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் காலைகள்தான் நினைவுக்கு வந்தன. சனிக்கிழமையே உங்கள் எல்லாருக்கும் துணி தேய்த்து, ஷூ துடைத்து, காணிக்கை உறை எடுத்துவைத்து, பைபிளை மேஜைமேல் அடுக்கிவிடுவேன். இவ்வளவு செய்தும் ஞாயிறு காலையில் நம் வீட்டில் நடக்கும் சண்டை வேறெந்தக் கிழமையிலும் நடந்ததில்லை. உன் பெல்ட் காணாமல் போகும். அப்பா ஷேவ் பண்ணும்போதுதான் பிளேடு தீர்ந்திருக்கும். "இந்த வீட்டுல ஒரு சாமான் வச்ச எடத்துல இருக்கா?" என்று அவர் கத்த, "எல்லாத்துக்கும் நான் ஒருத்தியே சாகணுமா?" என்று நான் கத்த, வண்டியில் போகும் வழியெல்லாம் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு போவோம். கோயில் கேட்டில் இறங்கியதும் மூன்று முகத்திலும் பல் தெரியும், "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று எல்லாரிடமும் கும்பிடு போடுவோம். ஒருநாள் நீ என் காதில், "அம்மா, இப்ப சண்டை முடிஞ்சிருச்சா, இல்ல வீட்டுக்குப் போயி மிச்சம் இருக்கா?" என்று கேட்டாய். நான் உன் தொடையைக் கிள்ளினேன். பொய்யைப் பற்றி நீ புதன்கிழமை கேட்ட கேள்வியை அன்றைக்கே கேட்டுவிட்டாய் என்று இப்போதுதான் உறைக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். டீச்சரக்காவை உனக்குத் தெரியும், நம் கோயில் மேஜைத் துணியைத் துவைத்துத் தேய்ப்பவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகியும் ஊரையே வகுப்பறையாக நினைப்பவர். ரசம் என் பொறுப்பு, துணி அவர் பொறுப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. சனிக்கிழமை வெஸ்ட்ரியில், அதாவது ஆயர் அங்கி மாட்டும் அந்தப் பக்கத்து அறையில், பாத்திரங்களை விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வந்ததும் வராததுமாக, "ஏத்தா, போன மாசம் ரசம் பாயாசம் மாதிரில்ல இருந்துச்சு. பாதிப் பேருக்குச் சுகரு. சக்கரையக் கொஞ்சம் கையடக்கிப் போடப்படாதா?" என்றார். ஏற்கெனவே உன்மேல் எரிந்துகொண்டிருந்தவளுக்கு இது போதாதா? "ஒங்க துணி கஞ்சியில வெறச்சுப் போயி தானா எந்திரிச்சு நிக்கிதே, அத யாராச்சும் சொன்னாகளா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா துணியை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஆயத்த ஆராதனை. திருவிருந்துக்கு முந்தின நாள் நாம் கூடி நம்மை நாமே பார்த்துக்கொள்கிற ஜெபம். ஆயர் சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர். "கொஞ்ச நேரம் அமைதியா இருப்போம். அவங்கவங்க அவங்கவங்க மனசைப் பாப்போம்" என்றார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு மனதைப் பார்த்தேன் என்று நினைக்கிறாயா? உனக்கு அடுத்த போனில் என்ன சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு வாக்கியமாகத் தயார் பண்ணினேன். அது முடிந்ததும் டீச்சரக்காவுக்கு. அவருக்குத் தயார் பண்ணியது இன்னும் நன்றாக வந்தது. ஆயர் "ஆமென்" சொன்னபோது எனக்கு இரண்டு பேச்சும் மனப்பாடம். அக்கா எனக்கு முன்வரிசையில் முதுகு விறைக்க உட்கார்ந்திருந்தார். அவரும் எனக்கு ஒன்று தயார் பண்ணிக்கொண்டிருந்திருப்பார், சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மணி அடிப்பதற்கு முன் வெஸ்ட்ரியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அக்கா மேஜைத் துணியை இரண்டு கையிலும் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு நின்றார். நான் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். டப்பென்று ஒரு சத்தம்! மூடி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. பாட்டிலுக்குள்ளிருந்து ரசம் பொங்கிப் பீறிட்டு என் சந்தனக் கலர் பட்டு, அக்காவின் முழங்கை, மூக்குக் கண்ணாடி, அந்த வெள்ளை வெளேரென்ற துணி எல்லாவற்றையும் அபிஷேகம் பண்ணிவிட்டது. அடுத்தது வாசனை. நாலு நாள் மேல்தட்டுச் சூட்டில் இருந்த கொதிக்காத ரசம் என்ன வாசனை அடிக்கும்? கள்ளுக்கடை தோற்றது. கோயில்பிள்ளை மணிக் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாத்தே! கல்யாண வீட்டுக்காரி, கோயிலுக்குள்ளயே காச்ச ஆரம்பிச்சுட்டியா?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். அந்த அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். "கொதி வர்றதுக்குள்ள எறக்கிட்டேன்க்கா. ஜோயலு மேஜைக்கு வரமாட்டேங்கான். மனசில்லாம வந்தா பொய்யாம். எம்புள்ள போயிருவான் போலக்கா" என்று நாலு நாளாக யாரிடமும் சொல்லாததை, போயும் போயும் அவரிடம் கொட்டினேன். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். "எம் மக கோயிலுக்கு வர்றத நிறுத்தி எம்புட்டு வருசமாச்சு தெரியுமா? ஒரு வார்த்த சொல்லலத்தா. நானும் லீவு இல்ல, வேல இருக்குன்னு எல்லாருகிட்டயும் சமாளிச்சுக்கிட்டுத் திரியிறேன். ஒம் மகன் போன்ல வாய்விட்டுச் சொல்லியிருக்கான். அவன் எங்கன போனான்? ஒங்கிட்டதான நிக்கிறான்" என்றார். ஜோயல், அந்த ஒரு பேச்சில் என் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. நீ எனக்குச் சொன்னது மனதில் இருந்த நிஜம், அதை நான் உன் முகத்திலேயே திருப்பி எறிந்துவிட்டேன். மன்னித்துக்கொள் கண்ணா.

அழுது முடித்தாயிற்று, ரசத்துக்கு என்ன செய்வது? ஆயர் வந்து பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். "பழம் கெடச்சா புழிஞ்சுக்கலாம். நான் வேணும்னா பிரசங்கத்தைக் கொஞ்சம் நீட்டிக்கிறேன்" என்றார். "ஐயா, பிரசங்கம் வேணாம், பாட்ட நீட்டுங்க" என்று அக்கா ஒரே போடாகப் போட்டார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிவிஎஸ்ஸில் கடைக்குப் பறந்தார். அங்கிருந்து போன்: "ஓடைப்பட்டி சீட்லெஸ்தான் முன்னாடி இருக்கு, பரவால்லையா?" பச்சைத் திராட்சை! "ஏங்க, பச்சைத் தண்ணியவா பாத்திரத்துல ஊத்துறது? உள்ள பன்னீர் கெடக்கும், தேடுங்க" என்று நான் கத்தியது உள்ளே பாடிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். ஒருவழியாக ஒரு பெட்டி பன்னீரோடு வந்து சேர்ந்தார். பின்பக்கக் குழாயடியில் கழுவிப் பிசைந்தோம். வடிகட்ட எதுவும் இல்லை. அக்கா ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு அந்த மேஜைத் துணியை, அவர் தேய்த்துத் தேய்த்துக் காப்பாற்றிய அதே துணியைக் குழாயில் அலசி நாலாக மடித்து விரித்தார். "இனிமே இது எதுக்கு ஆகும்? ஊத்து" என்றார். பழத்தை அதில் போட்டு ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் பிடித்து முறுக்கினோம். உள்ளே சபையார் பாடிய பாட்டையே திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை போடவே இல்லை. அலமாரியில் கிடந்த பழைய துணியை மேஜைமேல் விரித்தோம், அதில் ஒரு மூலையை எலி கடித்திருந்தது.

கையை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் ஊதா நிறம் போகவில்லை, நகக்கண் எல்லாம் ஏறிக்கொண்டது. அந்தக் கையோடும் கறைபட்ட சேலையோடும்தான் நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்தில் முழங்கால் போட்டோம். ஒரு உள்ளங்கைமேல் இன்னொன்றை வைத்து நீட்டினேன். ஆயர் அப்பத்தை வைக்கும்போது என் கையைப் பார்த்து ஒரு கணம் நின்றார். சொல்வதற்கு என்னிடம் ஒரு ஜெபமும் இல்லை. அந்த வாரம் முழுக்க நான் ஒழுங்காக ஜெபிக்கவில்லை, வேதம் திறக்கவில்லை, ஆயத்த ஆராதனையில் சண்டைக்கு ஒத்திகை பார்த்தேன். நான் பார்த்துப் பார்த்துத் தயார் பண்ணியது ஒன்றுகூட அங்கே மிஞ்சவில்லை. "ஆண்டவரே, இம்புட்டுத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். மகனே, அவர் அங்கே இருந்தார். எப்படித் தெரியும் என்று உன் ஆபீஸ் மூளையை வைத்துக் குறுக்கு விசாரணை பண்ணாதே. பக்கத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால் கண்ணை மூடியிருந்தாலும் தெரியுமல்லவா, அப்படித் தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல் அழுதேன். ரசம் லேசாகப் புளிப்படித்தது. அக்கா என் காதில், "இதுதான்த்தா சரியான சக்கரை" என்றார்.

இதை வைத்து, ஆயத்தமே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள் என்று நிஷாவிடம் போய்க் கொளுத்திப் போடாதே. ஆயத்தம் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் போனை அணைத்து அலமாரிக்குள் போடு, ஒரு ராத்திரியில் உன் கம்பெனி கவிழ்ந்துவிடாது. யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் ஞாயிறு வரைக்கும் இழுக்காமல் கூப்பிட்டுப் பேசு. நேரத்தோடு தூங்கு. மணி அடிப்பதற்கு முன்பே வந்து பெஞ்சில் சும்மா உட்கார். ஆபீஸ் நினைப்பு வந்தால் அதைத் துரத்திக்கொண்டிருக்காதே, அதையே அவரிடம் சொல்லு, அவருக்கு உன் மேனேஜரைப் பற்றிக் கேட்பதில் ஒரு சிரமமும் இல்லை. இத்தனையும் செய்தும் மனசு வரவில்லை என்றால், அப்போதும் வா. வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்று பெருக்குகிறோம், அடுக்குகிறோம். பாதியில் அவர் வந்து நின்றால், இன்னும் பெருக்கவில்லை என்று வாசலிலேயே நிறுத்திவைப்போமா? "வாங்க, வீடு இப்படித்தான் கெடக்கு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே கூப்பிடுவோம். இன்னொன்று கேட்கிறேன், கல்யாணத்துக்கு மட்டும் நீ ரெடியா? ஒரு சட்டையை மடித்து வைக்கத் தெரியாது. முழுசாகத் தயாரான பிறகுதான் கட்டிக்கொள்வேன் என்று நீ சொன்னால் நிஷாவின் அப்பா மண்டபத்தைக் காலி பண்ணிவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக மாட்டேன். அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது. அதனால் நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அந்தத் திருவிருந்து ஞாயிறு அன்று ரெண்டு குடும்பமும் எழுந்து போகும்போது நீயும் எழுந்தால், உன் பக்கத்தில் நான் முழங்கால் போடுவேன். நீ எழுந்திருக்கவில்லை என்றால், நானும் எழுந்திருக்க மாட்டேன். இத்தனை வருடம் என் கையால் காய்ச்சியதை அன்று ஒருநாள் நான் வாங்காமல் இருந்தால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார், எதற்காக உட்கார்ந்தேன் என்று அவருக்குத் தெரியும். அப்பாவிடம் சொன்னேன், "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார். டீச்சரக்காவிடம் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கும் அந்தப் பெஞ்சுல ஒரு எடம் போட்டு வையி" என்றார்.

ஆகையால் வந்து சேர் கண்ணா. எழுந்திருப்பதா உட்கார்ந்திருப்பதா என்பதை அங்கே வந்து, அந்த நிமிடத்தில் நீயே முடிவு பண்ணு. எதுவானாலும் அந்தப் பெஞ்சில் நீ தனியாக உட்காரப்போவதில்லை.

உன் அம்மா